காணிப்பாக்கம் குளத்தில் பதினொரு முடிச்சு

மலேயாவிலிருந்து ஊருக்குத் திரும்புகிறவன் ரயிலை விட்டு இறங்கும் முன்பே பூட்ஸைக் கழற்றிவிட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன். ஒன்பது வருஷம் கழித்து நகரி ஸ்டேஷனில் இறங்குகிறேன். காக்கிக் கோட்டு, சோலாத் தொப்பி, கையில் வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு, காலில் பூட்ஸ். பூட்ஸ் எங்கள் ரப்பர் தோட்டத்துத் துரை போட்டுக் கழித்தது. அவர் கால் என் காலைவிட ஒரு விரற்கடை சின்னது. அதைக் கப்பல் ஏறிய பிறகுதான் கண்டுபிடித்தேன்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் நான் கங்காணி. துரைக்குக் கீழே கணக்குப் பார்க்கிற கிராணி, கிராணிக்குக் கீழே நான், எனக்குக் கீழே நாற்பது கூலிகள். ஆள் குறைந்துபோகவே துரை என் கையில் ஒரு லைசென்ஸைக் கொடுத்தார். "உன் ஊருக்குப் போய் இருபது பேரைக் கூட்டி வா. கூட்டி வந்தால் நீ கங்காணி. இல்லாவிட்டால் பால்வெட்டுக் கத்தி இருக்கவே இருக்கிறது" என்றார். ஏழு வருஷம் அந்தக் கத்தியால் ரப்பர் மரம் கீறியவன் நான். மறுபடியும் அதைத் தொட எனக்கு ஆசை இல்லை.

நான் பிறந்தது சித்தூரில், மிஷன் கோயில் தெருவில். ஆனால் சித்தூரில் ஆள் சேர்க்க முடியாது. அங்கே தங்கை குடும்பம் இருக்கிறது. என்னைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். நகரியில் என் நைனா சில வருஷம் மிஷன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். அங்கே எங்களுக்கு நல்ல பெயர். அந்தப் பெயர் நைனாவுடையது என்றாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நகரியில் காலை வேளையில் நெசவுத் தெருவுக்குள் போகிறவன் குனிந்து பார்த்து நடக்க வேண்டும். தெரு நெடுக இடுப்பு உயரத்தில் பாவு நூலை விரித்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைத்திருப்பார்கள். சிறு வயதில் அதன் அடியில் புகுந்து ஓடியவன்தான் நான். ஆனால் அப்போது என் தலையில் தொப்பி இல்லை. தெருவே என்னைப் பார்க்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நடந்து, நேராகப் பாவுக்குள் போய் விழுந்தேன். பூட்ஸ் ஒரு பக்கம் மாட்டியது, பிரம்பு ஒரு பக்கம் மாட்டியது.

"அசையாதே! இன்னும் ஒரு இழை அறுந்துச்சின்னா உன்னையும் சேத்து அறுத்துடுவேன்!"

சொன்னவள் நாகம்மா. முப்பது வயதிருக்கும். நூல் முதலாளி நூல் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டே வந்ததில், அந்த மாதம் அந்தத் தெருவுக்குக் கிடைத்த ஒரே பாவு அது. என்னை இழை இழையாகப் பிரித்தெடுக்க அவளுக்கு அரை மணி நேரம் பிடித்தது. அவள் புருஷன் முனுசாமி பக்கத்தில் நின்று, தன் பெரிய மீசையைத் தடவிக்கொண்டே சமாதானம் சொன்னான்.

"திட்டாதேடீ. வேதக்கார வாத்தியாரு புள்ள இவரு. மலேயாவுல பெரிய கங்காணி."

"பெரிய கங்காணியா கீறவருக்குக் கண்ணு இல்லியா?"

அந்தப் பக்கத்தில் கோபத்தில் திட்டிய வீட்டில்தான் சாப்பாடும் போடுவார்கள். மத்தியானம் அவர்கள் வீட்டில் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும். ஒன்பது வருஷம் சோறு தின்ற வாய் அதை மறந்துவிட்டு, மரியாதையாக மென்றது. களி பல்லில் ஒட்டிக்கொண்டு மேலும் கீழும் போக மறுத்தது.

"இன்னாண்ணா, களிய மெல்லுறே? அது இன்னா வெத்தலையா?" என்றாள் நாகம்மா. அங்கே 'நீ' என்று பேசுவதில் மரியாதைக் குறைவு கிடையாது. அண்ணா என்றும் சொல்வார்கள், நீ என்றும் சொல்வார்கள். ஒன்பது வருஷமாக யாரும் என்னை அண்ணா என்று கூப்பிட்டதில்லை. கேட்க நன்றாகவே இருந்தது.

சாயங்காலம் தெரு முழுக்க முனுசாமி வீட்டு வாசலில் கூடியது. கேள்வி மேல் கேள்வி. எனக்கு வாய் திறந்துகொண்டது. தோட்டத்தில் ஆளுக்கு ஒரு வீடு, தகரக் கூரை, தனிக் கதவு என்றேன். உச்சிப் பொழுதோடு வேலை முடிந்துவிடும் என்றேன். மழை நம் ஊர் மாதிரிதான், அட்டை கிடையாது, துரை எப்போதும் சிரித்த முகம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், நோய் வந்தால் ஆஸ்பத்திரி, காகிதம் போட்டால் ஊருக்கு வரும், பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம் என்று அடுக்கினேன்.

"புலி கீதாமே?" என்று ஒருவர் கேட்டார்.

"கீது. ஆனா கண்ணியமான புலி. தோட்டத்துப் பக்கமே வராது."

"அடிப்பாங்களா?"

"சேச்சே. யாரும் மேல கை வெக்கமாட்டாங்க."

இதெல்லாம் பொய் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. என்னைச் சேர்த்த கங்காணியும் இதையேதான் சொன்னார். அவரைவிட நான் கொஞ்சம் அழகாகச் சொன்னேன், அவ்வளவுதான். தெருவே வாய் பிளந்து கேட்டது. நாகம்மா மட்டும் கதவோரம் உட்கார்ந்து, காலையில் நான் அறுத்த இழைகளை முறுக்கி வைத்துக்கொண்டு கையால் ஏதோ செய்துகொண்டிருந்தாள். நான் பேசி முடித்ததும் தலை நிமிர்ந்தாள்.

"பதினொண்ணு."

"இன்னாது பதினொண்ணு?"

"நீ சொன்னது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு முடிச்சி போட்டுக்கினே வந்தேன். எனக்கு எழுதத் தெரியாது, முடிச்சி தெரியும்." நூலைத் தூக்கிக் காட்டினாள். "எங்க அக்கா அஞ்சி வருசத்துக்கு முன்ன ஒரு கங்காணி பேச்சைக் கேட்டுக்கினு கப்பல் ஏறுனா. அவனும் உன்ன மாதிரி நல்லாத்தான் பேசுனான். அவ சாப்புட்டாளா, செத்தாளா, ஒரு காயிதம் இல்ல. நீ காணிப்பாக்கத்துக்கு வா. கொளத்துல முழுகி எழுந்து புள்ளாருக்கு முன்னால இந்தப் பதினொண்ணையும் சொல்லு. சொல்லிட்டேன்னா மொதல் கைநாட்டு என்னுது."

தெருவே தலையை ஆட்டியது. நாகம்மா வைத்தால் நாங்களும் வைப்போம் என்றார்கள். எண்ணிப் பார்த்தேன், சரியாக இருபது பேர்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஜில்லாவில் ஆடு திருட்டானாலும் வரப்புத் தகராறானாலும் கடைசியில் காணிப்பாக்கத்துக்குத்தான் போகும். கோர்ட்டுக் கச்சேரியில் கூசாமல் பொய்ச்சாட்சி சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு வருகிறவன்கூட, காணிப்பாக்கத்துக் குளத்தில் முழுகு என்றால் வேண்டாம் சாமி, ஆட்டைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்பான். அங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் நன்றாக வாழ்ந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. நான் ஒப்புக்கொண்டேன். நான் கிறிஸ்தவ வேதக்காரன், பிள்ளையாருக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் ஒன்றுமில்லை, முழுகி எழுந்தால் ஜலதோஷம் பிடிக்கும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் கிராம முன்சீப்பைப் பார்க்கப் போனேன். ஊரை விட்டுக் கப்பல் ஏறுகிற ஒவ்வொருவரும் மனப்பூர்வமாகத்தான் போகிறார்கள் என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் லைசென்ஸ் செல்லும். முன்சீப்பு ஒரு ரெட்டியார். நாகம்மாவின் நிபந்தனையைக் கேட்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தெலுங்கில் சொன்னார்:

"நல்ல ஏற்பாடு ஐயா. யார் மனசார போகிறான், யார் ஏமாந்து போகிறான் என்று சர்க்கார் என்னைக் கேட்கிறது. என் பெண்டாட்டி மனசில் என்ன இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. இனிமேல் பிள்ளையாரே பார்த்துக்கொள்ளட்டும்."

காகிதங்களை மட்டும் எழுதி வைத்தார். முனுசாமிக்கு அடையாளம் என்ற இடத்தில் 'பெரிய மீசை, அடர்ந்த குடுமி' என்று எழுதினார். கையெழுத்துக்கான இடம் காலியாகவே இருந்தது. அது திரும்பி வந்த பிறகு என்றார்.

மூன்றாம் நாள் கிளம்பினோம். தெரு சார்பில் நாகம்மாவும் முனுசாமியும், பிரதிவாதி சார்பில் நான். திருப்பதியில் ரயில் மாற வேண்டும். அதுவரை வந்துவிட்டு மலை ஏறாமல் போவதா என்றான் முனுசாமி. பழைய வேண்டுதல் ஒன்று பாக்கியாம். அவர்கள் இருவரும் மலைக்குப் போய் வரும்வரை நான் ஸ்டேஷனில் காத்திருந்தேன்.

பூட்ஸை அங்கேதான் கழற்றினேன். அதற்குப் பிறகு அதற்குள் என் கால் போகவே மறுத்துவிட்டது. வார்களை முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டு, தொப்பியும் கோட்டும் வெறுங்காலுமாக பெஞ்சியில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டேன். கோட்டைப் பார்த்து ஒரு கடப்பைக்காரர் பவ்யமாக வந்து, பாக்கலா வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கோட்டுக்கு ஒரு கௌரவம் இருக்கிறதல்லவா? ஏழு மணிக்கு, அந்தப் பக்கத்து பிளாட்பாரத்தில் என்றேன். பின்னால் இன்னும் இரண்டு குடும்பங்கள் கேட்டன. அவர்களையும் அனுப்பிவைத்தேன்.

எதிரே மலையிலிருந்து இறங்குகிறவர்கள் மொட்டைத் தலைகளும் சந்தனமுமாகச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். மலேயாவில் முதன்முதலாகக் கப்பலை விட்டு இறங்கியபோது, நோய் பரவாமலிருக்க எங்களை ஒரு தீவில் அடைத்து, துணியெல்லாம் உருவிப் புகை போட்டு, வரிசையில் உட்காரவைத்தது ஞாபகத்துக்கு வந்தது. அங்கேயும் கூட்டம்தான், வரிசைதான். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை. அதை நான் நகரியில் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

மறுநாள் விடியற்காலையில் ஒரு மொட்டை என் முன்னால் வந்து நின்று இளித்தது. மீசையும் இல்லை, குடுமியும் இல்லை. யாரய்யா நீ என்று நான் எழுந்தபோது பின்னால் நாகம்மா வந்தாள். அப்போதுதான் முனுசாமி என்று தெரிந்தது. முன்சீப்பு எழுதிய அடையாளமெல்லாம் ஏழுமலையான் வாசலில் உதிர்ந்து கிடந்தது. அதைப் பற்றி நான் கவலைப்பட ஆரம்பிப்பதற்குள் கடப்பைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். ராத்திரி முழுக்க அந்தப் பக்கத்து பிளாட்பாரத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தாராம். அங்கே ரயிலே வராதாம். அவர் தெலுங்கில் சொன்னதை இங்கே எழுத முடியாது. என் நைனா வரை போனார்.

அவர் போன பிறகு நாகம்மா மடியிலிருந்து நூலை எடுத்தாள்.

"இதுக்கும் ஒரு முடிச்சி போடட்டுமாண்ணா?"

"இது நான் உங்களுக்குச் சொன்னது இல்லியே."

"சரி, வுடு. கணக்குல சேக்கல" என்று சொல்லி நூலை மறுபடி செருகிக்கொண்டாள். சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சித்தூரில் என் தங்கை வீட்டில் தங்கினோம். தங்கை புருஷன் சாமுவேல் மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியார். சபையில் மூப்பர் வேறு. நான் அவரை மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்பார். இருவருக்கும் அதற்கு மேல் ஒத்துப்போனதில்லை. இராத்திரிச் சாப்பாட்டுக்குத் தங்கை கோழி அடித்திருந்தாள். ஜெபம் முடிந்து முதல் வாய் எடுப்பதற்குள் நானே விஷயத்தை ஆரம்பித்தேன். வழி ஒன்று புலப்பட்டிருந்தது.

"மச்சான், நம்ம சபையில சத்தியம் பண்றது தப்புதானே?"

"தப்புதான். ஆணையிடவே கூடாது."

"அதுவும் கோயில் கொளத்துல?"

"பெரிய தப்பு."

நான் நாகம்மாவின் பக்கம் திரும்பி, கையை விரித்தேன். "பாத்தியாம்மா? எனக்கு வர ஆசைதான். மதம் இடங்கொடுக்கல."

நாகம்மா சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்தாள். முனுசாமி தன் மழித்த மேலுதட்டைத் தடவிக்கொண்டு என்னையும் வாத்தியாரையும் மாறி மாறிப் பார்த்தான். காரியம் முடிந்தது என்று நான் கோழிக்காலை எடுத்தேன்.

"ஆனா மச்சான்," என்றார் சாமுவேல். சபையில் பிரசங்கம் முடிந்துவிட்டது என்று எல்லாரும் எழுந்திருக்கும்போதும் அவர் இப்படித்தான் ஆரம்பிப்பார். "பொய்யும் கூடாதே. சத்தியம் பண்ணாம உள்ளதைச் சொல்றதுக்கு எந்தத் தடையும் இல்ல. நீ கொளத்துல எறங்கு. சத்தியம் பண்ணாதே. உண்மைய மட்டும் சொல்லிட்டு மேல ஏறி வா. ரெண்டு பக்கத்துக்கும் சரியாப் போச்சி. நானே கூட வர்றேன்."

"உனக்குப் பள்ளிக்கூடம் இல்லியா?"

"நாளைக்கு லீவு."

எதற்கு லீவு என்று கேட்டேன். மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அன்று லீவு விட எந்தக் காரணமும் கிடையாது. அவரும் சொல்லவில்லை. கோழி நன்றாக இருந்ததாகப் பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. பிள்ளையாரிடம் பொய் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். இப்போது ஒரு பக்கம் பிள்ளையார், இன்னொரு பக்கம் மூப்பர். இரண்டு மதத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் அந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

காணிப்பாக்கத்துக்கு மாட்டுவண்டியில் போனோம். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல் மட்டும் இருந்தது. நடு ஆற்றில் சக்கரம் புதைந்து வண்டி நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். நான் தள்ளுவதுபோல் பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன். முனுசாமி நல்ல பலசாலி, வண்டி கிளம்பிவிட்டது.

கோயிலுக்குள் நான் போகப்போவதில்லை. வேதக்காரனை விடவும் மாட்டார்கள். கடைசி முயற்சியாக அதையும் சொல்லிப் பார்த்தேன். "உள்ள போயி அவர் முன்னால நின்னாத்தானேம்மா பிரமாணம்?"

"கொளத்துலயே நில்லு போதும். அவருக்குக் காது மொறம் மாதிரி. அங்கிருந்தே கேப்பாரு" என்றாள் நாகம்மா.

கோட்டை மட்டும் கழற்றிவிட்டு, தொப்பியோடும் பிரம்போடும் படியில் இறங்கினேன். பாசி. மூன்றாவது படியில் கால் வழுக்கி, முழுக வேண்டியதைவிட அதிகமாகவே முழுகினேன். எழுந்தபோது தொப்பி தனியாகக் குளத்தின் நடுவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கரையில் பத்திருபது பேர் கூடிவிட்டார்கள். ஆடா மாடா என்று ஒருவர் தெலுங்கில் விசாரித்தார். ஆளுங்க என்று முனுசாமி பதில் சொன்னான்.

கழுத்தளவு தண்ணீரில் நடுங்கிக்கொண்டு நான் நிற்க, நாகம்மா கடைசிப் படியில் உட்கார்ந்து நூலைப் பிரித்தாள். சாமுவேல் கைகட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றார்.

"ஆளுக்கு ஒரு வூடு, தகரக் கூரை. மெய்யா?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. பிள்ளையாருக்குப் பயந்தேனா, மச்சானுக்குப் பயந்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவள் முகம் நேர் எதிரே இருந்தது. அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

"கூரை தகரம்தான். வூடு இல்ல, லயம். நீட்டா ஒரே கொட்டா. ஒரு அறையில ரெண்டு குடும்பம், நடுவுல சாக்குத் திரை."

அவள் பல்லால் முடிச்சை அவிழ்த்தாள். கஞ்சி போட்ட நூல், எளிதில் அவிழவில்லை.

"உச்சியோட வேல முடியுமா?"

"விடியறதுக்கு முன்னாலயே பெரட்டு. எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சி எண்ணுவாங்க. முடியறது சாயங்காலம்."

மழை நம் ஊர் மழை இல்லை என்றேன். அட்டைகள் உண்டு என்றேன். துரை சிரித்து நான் பார்த்ததில்லை என்றேன். கரையில் இருந்தவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். புலியைப் பற்றிக் கேட்டபோது, "கண்ணியம் இல்ல" என்று ஒப்புக்கொண்டேன். பள்ளிக்கூட வாத்தியார் கள்ளுக்கடையிலிருந்து வந்தால்தான் பள்ளிக்கூடம் என்றதும் சாமுவேல் கண்ணை மூடிக்கொண்டார். முடிச்சுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கூடவே என் இருபது பேரும்.

"நோவு வந்தா ஆஸ்பத்திரி?"

"கீது. அது மெய்தான். மருந்துக்கு ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

அந்த முடிச்சை அவள் விட்டுவைத்தாள். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

"காயிதம் போட்டா ஊருக்கு வருமா?"

"போட்டா வரும். எழுதத் தெரிஞ்சவங்கதான் இல்ல."

"உனக்குத் தெரியுமே."

"எழுதித் தர்றேன்."

அதையும் விட்டுவைத்தாள். "புடிக்கலன்னா திரும்பி வரலாமா?"

"வரலாம். ஒரு மாசம் முன்னால சொல்லிட்டு நின்னுக்கலாம், யாரும் தடுக்க முடியாது. சட்டம் அப்படி. ஆபீஸ் வாசல்ல எழுதி ஒட்டிக் கீது."

"அப்ப இன்னாத்துக்கு யாரும் வரல? எங்க அக்கா இன்னாத்துக்கு வரல?"

"இங்கிலீசுல ஒட்டிக் கீது" என்றேன். கரையில் யாரும் சிரிக்கவில்லை. நான் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இரண்டு வருஷமாக அந்தக் காகிதத்தைத் தினமும் கடந்து போகிறேன். என் நாற்பது பேரில் ஒருவருக்கும் நான் அதைப் படித்துச் சொன்னதில்லை. அந்த முடிச்சையும் அவள் அவிழ்க்கவில்லை.

கடைசி முடிச்சு.

"யாரும் மேல கை வெக்கமாட்டாங்கன்னு சொன்னே."

நான் தொப்பி மிதந்து போகிற பக்கம் பார்த்தேன்.

"அடிப்பாங்களா?"

"அடிப்பாங்க."

"யாரு? தொரையா?"

"துரை அடிக்கிறதில்ல."

"பின்ன யாரு?"

தண்ணீர் சில்லென்று இருந்தது. என் கையில் பிரம்பு இருந்தது. குளத்துக்குள்ளும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் கவனித்தேன். பெரட்டுக்கு நேரமாகிப் படுத்திருந்தவர்களை இதே பிரம்பால்தான் எழுப்பினேன். என்னைவிட மூத்தவர்களை, காய்ச்சலோடு கிடந்தவர்களை. 

"கங்காணி" என்றேன்.

"நீயா?"

"நான்தான்."

 நாகம்மா என்னை வெகுநேரம் பார்த்தாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போயிருந்தால் நியாயம்தான். அவள் நூலைக் கையில் எடுத்தாள். ஆனால் பல்லில் வைக்கவில்லை.

"இத நான் அவுக்கமாட்டேன். வூடு உன் கையில இல்ல. மழ உன் கையில இல்ல. இது உன் கையிலதான் கீது. இதுக்கு மட்டும் சொல்லு."

நான் சாமுவேலைப் பார்த்தேன். சத்தியம் கூடாதே என்று இப்போதாவது சொல்லுவாரா என்று. அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே யாரையும் அடிக்கமாட்டேன்" என்றேன்.

படிக்குப் பக்கத்தில் வந்து வலது கையை நீட்டச் சொன்னாள். நான்கு முடிச்சு மிஞ்சிய நூலை என் மணிக்கட்டில் சுற்றிக் கட்டினாள். நெசவுக்காரர்கள் அறுந்த இழையை ஒட்டப் போடுகிற முடிச்சு அது. இழுத்தால் இன்னும் இறுகும்.

"பொய்யெல்லாம் போயி மிச்சம் நாலு கீது. நாலுக்கு நான் வர்றேன்" என்றாள். "கூடப் பொறந்தவளைத் தேடவாவது ஒருத்தி போவணும் இல்ல?"

மேலே ஏறி வந்து பிரம்பைப் படியில் வைத்தேன். சாமுவேல் அதை எடுத்துப் பூணைத் துடைத்துப் பார்த்தார். "நல்ல பிரம்பு. பள்ளிக்கூடத்துக்கு ஆவும்" என்றார்.

நாகம்மா திரும்பினாள். "வாத்தியாரே, நீயும் தண்ணியில எறங்குறியா?"

சாமுவேல் சட்டென்று அதைக் கீழே வைத்துவிட்டார். பிறகு அது சித்தூரில் என் தங்கை வீட்டுக் கொல்லையில் அவரைக்கொடிக்குக் கொம்பாக நின்றது. வெள்ளிப் பூண் போட்ட கொம்பில் அவரை ஏறிய வீடு அந்தத் தெருவில் அது ஒன்றுதான்.

நகரியில் நாகம்மா எல்லாவற்றையும் தெருவுக்கு ஒப்பித்தாள். இருபது பேரில் ஆறு பேர் நின்றுவிட்டார்கள். பதினான்கு பேர் கைநாட்டு வைத்தார்கள். முன்சீப்பு ரெட்டியார் முதல்முறையாகத் தெரிந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிப் போட்டார். மதராசுக்குப் பக்கத்தில் கப்பலுக்கு முந்தைய முகாமில் முனுசாமியின் காகிதத்தைப் பார்த்த குமாஸ்தா, மீசையும் குடுமியும் எங்கே என்று கேட்டு அவனைத் தனியாக நிறுத்திவிட்டார். இந்த ஆள்தான் அந்த முனுசாமி என்று மற்றப் பதின்மூன்று பேரும் வரிசையில் நின்று சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் பொட்டுப் பொட்டாக முளைக்கத் தொடங்கியிருந்த மீசையைத் தடவிப் பார்த்துவிட்டு அனுப்பினார்.

துரைக்கு ஆறு பேர் குறைந்ததில் கோபம். மூன்று மாதம் பார்க்கிறேன் என்றார். பிரம்பு எங்கே என்றும் கேட்டார். கடலில் விழுந்துவிட்டது என்று வாய் வரை வந்தது. மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு, ஊரில் அவரைக்கொடிக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவர் நம்பவில்லை.

புதியவர்கள் வந்த முதல் பெரட்டு. இன்னும் விடியவில்லை. வரிசையில் ஓர் ஆள் குறைந்தது. லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். முனுசாமி சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பழக்கதோஷத்தில் என் வலது கை தானாக மேலே போனது. பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது. நாகம்மா வாளியோடு வாசலில் நின்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முனுசாமி" என்று கூப்பிட்டேன். இரண்டு வருஷத்தில் ஓர் ஆளைப் பெயர் சொல்லி எழுப்பியது அன்றுதான். மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது.

ஆபீஸ் வாசலில் ஒட்டியிருக்கும் காகிதத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஐம்பத்துநான்கு பேருக்கும் தமிழில் படித்துச் சொன்னேன். அடுத்த நாளே இரண்டு பேர் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தார்கள். கிராணி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நாகம்மாவின் அக்காவைத் தேடி ஒவ்வொரு தோட்டமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. மாதம் ஒரு முறை அவள் வந்து என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போகிறாள். நூல் கறுத்துவிட்டது. முடிச்சு நான்கும் இருக்கின்றன.